ப்ளீச் கிண்ணத்தில் ஒரு சொட்டுக் காவல்

2019 ஆகஸ்ட். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு நீதிமன்றம். தலைமுடிக்குப் போடும் ஒரு கரைசலைப் பற்றிய வழக்கில், 9.1 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தர வேண்டியது, அழகுசாதன உலகின் மிகப் பெரிய நிறுவனமான லோரியால். பெற வேண்டியது, தொடங்கி ஐந்தே வருடமான ஓலாப்ளெக்ஸ். சண்டையின் நடுவில் இருந்த மலேயிக் அமிலம் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வேதியியல் ஆய்வகங்களில் வெகு காலமாகப் புழங்கும் மலிவான பொருள். அதை ப்ளீச்சோடு சேர்த்தால் முடி சேதமாவது குறையும் என்ற யோசனை யாருடையது என்பதுதான் வழக்கு.

அந்த யோசனையின் வாரிசுகள் இன்று எல்லா ஊர் சலூன்களிலும் இருக்கின்றன. ஹைலைட்ஸ், பாலயாஜ், குளோபல் கலர் என்று எதைக் கேட்டு உட்கார்ந்தாலும், கழுத்தில் துணியைக் கட்டும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும்: “ப்ளெக்ஸ் சேர்த்துப் பண்ணிக்கிறீங்களா மேடம்? முடி டேமேஜே ஆகாது.” கட்டணப் பட்டியலில் அதற்குத் தனி வரி, தனி விலை. வேறு சில சலூன்களில் ‘பெப்டைடு மாஸ்க்’ என்பார்கள். இன்னும் சிலவற்றில் ‘கெரட்டின் போட்டுடலாம்’ என்பார்கள். எல்லாம் ஒன்றுதான் என்பதுபோலக் காதில் விழும். ஆனால் இவை செய்யும் வேலை வேறு வேறு. எதுவுமே ‘டேமேஜே ஆகாது’ என்ற வாக்கைக் காப்பாற்றுவதும் இல்லை.

ஏன் என்று புரிய, ப்ளீச் முடிக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முடியின் உடம்பு கெரட்டின் என்ற புரதம். வெளியே செதில் செதிலாக க்யூட்டிகிள் அடுக்குகள், உள்ளே கார்டெக்ஸ். கறுப்பு நிறம் தரும் மெலனின் துகள்கள் கார்டெக்ஸில்தான் இருக்கின்றன. அவற்றைப் போய்த் தொட ப்ளீச் உள்ளே நுழைந்தாக வேண்டும். அதனால் பொடியில் காரப் பொருள்கள் இருக்கும். அவை முடியை உப்பவைத்துச் செதில்களைத் திறக்கும். டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும், பொடியில் உள்ள அம்மோனியம், பொட்டாசியம் பர்சல்ஃபேட்டுகளும் சேர்ந்து மெலனினை ஆக்சிஜனேற்றிக் கரைக்கும்.

பெராக்சைடுக்கு மெலனின் எது, கெரட்டின் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது, கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள். முடியின் வலு பெரும்பாலும் அதில்தான். சாதாரணமாகச் செய்யும் ப்ளீச்சில் இந்தப் பிணைப்புகளில் 15 முதல் 25 சதவீதம் வரை போய்விடும் என்று முடி வேதியியல் பாடநூல்கள் சொல்கின்றன. கடுமையாகச் செய்தால் 45 சதவீதம் வரை. கூடவே, க்யூட்டிகிளின் மேல் இயற்கையாகப் படிந்து முடியை வழுக்கலாக வைத்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலமும் உரிந்துவிடும். ப்ளீச் செய்த முடி நனைந்தால் ஏன் அவ்வளவு சிக்காகிறது, காய ஏன் நேரமெடுக்கிறது என்பதற்கு அந்தப் படலம் போனது ஒரு பெரிய காரணம்.

நம் ஊர் முடிக்கு இது கூடுதல் சோதனை. கலரிஸ்டுகள் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டு அளப்பார்கள். 1 கரிய கறுப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். ஐரோப்பியப் பெண் ஒருத்தி 6-லிருந்தோ 7-லிருந்தோ கிளம்பும் பயணத்தை நம்மவர்கள் 1-லிருந்தும் 2-லிருந்தும் தொடங்க வேண்டும். வழியில் செம்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொரு நிலையமாக நின்றுதான் போக முடியும். ஒரே உட்காரலில் சாம்பல் பொன்னிறம் வேண்டும் என்று கைப்பேசியில் படம் காட்டுகிறவர்களிடம் நல்ல கலரிஸ்ட் முதலில் சொல்வது ‘முடியாது’ என்பதைத்தான். அவர் சலித்துக்கொண்டு சொன்னாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓலாப்ளெக்ஸின் கதைக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் டீன் கிறிஸ்டல், சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலிமர் வேதியியலாளர் கிரெய்க் ஹாக்கர், அவரிடம் பயின்ற எரிக் பிரெஸ்லி ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய பொருள் 2014-ல் சந்தைக்கு வந்தது. பிஸ்-அமினோப்ரொப்பைல் டைகிளைகால் டைமலியேட் என்று வாய் சுளுக்கும் பெயர். வேதியியல்படி பார்த்தால் இரு அமின் முனைகள் கொண்ட ஒரு மூலக்கூறும் மலேயிக் அமிலமும் சேர்ந்த உப்பு. முதல் பாட்டிலை ப்ளீச் கிண்ணத்திலேயே கலக்க வேண்டும். தொடக்க காலக் கையேடுகள், 30 கிராம் பொடிக்கு 3.75 மில்லி என்று அளவு கொடுத்தன. ப்ளீச்சை அலசியபின் இரண்டாம் பாட்டிலைத் தடவிக் குறைந்தது பத்து நிமிடமாவது விட வேண்டும். மூன்றாவது, வீட்டுக்கு எடுத்துப்போக. வாய்வழியாகவே பரவிய புகழ் இது. பாதியில் உடைந்துபோயிருக்க வேண்டிய முடி கையில் நின்றதைப் பார்த்த கலரிஸ்டுகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

லோரியால் இந்த நிறுவனத்தை வாங்கப் பேச்சு நடத்தியது. பேச்சு முறிந்தது. பிறகு லோரியாலின் ஸ்மார்ட்பாண்ட் வந்தது. அதன் முக்கியச் சரக்கு மலேயிக் அமிலம். பேச்சின்போது காட்டிய, அப்போது வெளியாகாத காப்புரிமை விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்றது ஓலாப்ளெக்ஸ். நாங்களே கண்டதுதான் என்றது லோரியால். 2018-ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஓலாப்ளெக்ஸ் பக்கம் நின்றது. அமெரிக்காவில் ஜூரிகளும் அப்படியே. நீதிபதி பின்னர் தொகையைக் குறைத்தார். 2021 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெற்றியையே கவிழ்த்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓலாப்ளெக்ஸ், பங்கு ஒன்று 21 டாலர் என்று நாஸ்டாக்கில் இறங்கியது.

வக்கீல்கள் சண்டை ஒருபக்கம். சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய கேள்வி வேறு: அது நிஜமாகவே உடைந்த பிணைப்பை ஒட்டவைக்கிறதா?

விளம்பரம் சொல்லும் விளக்கம் அழகானது. டைசல்ஃபைடு பிணைப்பு அறுந்தால் இரு பக்கமும் தனித்து நிற்கும் கந்தக முனைகள் மிஞ்சும். மலியேட் அந்த இரண்டையும் பிடித்து இடையில் பாலம் போடும். பெர்மிங் செய்யும்போது அப்படித் தனித்த முனைகள் நிறையவே உண்டாகும். ப்ளீச்சில் நடப்பது வேறு. பெராக்சைடு பிணைப்பை அறுப்பதோடு நிற்காமல் கந்தகத்தை மேலும் மேலும் ஆக்சிஜனேற்றி, சிஸ்டீயிக் அமிலம் என்ற நிலைக்குத் தள்ளிவிடும். அது ஒருவழிப் பாதை. சிஸ்டீயிக் அமிலமாகிவிட்ட இடத்தைப் பழைய பிணைப்பாக மாற்றும் பாட்டில் எந்தக் கடையிலும் இல்லை. ஆக, ப்ளீச் முடிந்தபின் மலியேட் பிடிப்பதற்குக் கிடைக்கும் முனைகள் கொஞ்சம்தான்.

அப்படியானால் கலரிஸ்டுகள் கண்ணால் பார்த்தது பொய்யா? இல்லை. இந்தப் பொருள்கள் அமிலத்தன்மை உள்ளவை. காரமான ப்ளீச் கலவையில் சேரும்போது அவை அதன் வேகத்தைக் கொஞ்சம் அடக்குகின்றன. நிறம் ஏறுவது மெதுவாகும், கூடவே சேதமும் குறையும். டைகார்பாக்சிலிக் அமிலங்களான இவை முடியின் புரதத்தில் அயனிப் பிணைப்புகளாக ஒட்டிக்கொண்டு ஓரளவு இறுக்கம் தருவதும் உண்டு. அதாவது காவல்காரன் வேலை பெரிது, கொத்தனார் வேலை சிறிது. லேபிளில் மட்டும் கொத்தனார்தான் பெரிய எழுத்தில் இருக்கிறார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ப்ளெக்ஸ் சேர்த்தால் நிறம் மெதுவாக ஏறுகிறது என்பதால், டெவலப்பரை ஒரு படி கூட்டிக்கொள்ளும் வழக்கம் சலூன்களில் உண்டு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு. 30 என்றால் 9. 40 என்றால் 12. இருபதில் செய்ய வேண்டியதை ப்ளெக்ஸ் இருக்கிற தைரியத்தில் முப்பதில் செய்தால், ஒரு கையால் கொடுத்த பாதுகாப்பை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. காசு மட்டும் கூடுதலாகப் போகும். கிண்ணத்தில் எந்த வால்யூம் என்று கேட்பதற்கு வாடிக்கையாளர் வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை. பாட்டிலின் மேலேயே எண் போட்டிருக்கும்.

ஓலாப்ளெக்ஸுக்குப் பின்னால் ஒரு படையே கிளம்பியது. ஷ்வார்ஸ்காஃப் ஃபைப்ரெப்ளெக்ஸ், வெல்லாவின் வெல்லாப்ளெக்ஸ், மேட்ரிக்ஸ் பாண்ட் அல்டிமேட், ரெட்கென் பிஎச்-பாண்டர். பெயர்களும் படிகளும் மாறினாலும் பெரும்பாலானவற்றின் அடிப்படை யோசனை ஒன்றுதான்: சிறிய கரிம அமிலம் அல்லது அதன் உப்பு, ப்ளீச்சோடு ஒரு படி, அலசியபின் ஒரு படி. இவற்றுக்குள் எது ராஜா என்ற விவாதம் கலரிஸ்டுகளிடையே ஓயாது. ஒரே ஆளின் தலையில், ஒரே வால்யூமில், ஒரே நேரம் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் செய்துபார்த்தால்தான் வித்தியாசம் பேச முடியும். வெளியான சோதனைகளில் பல, விற்பவர்களே நடத்தியவை. விலையில் உள்ள இடைவெளி அளவுக்கு முடியில் இடைவெளி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கே18 வேறு கட்சி. முடி துவட்டும் துண்டுகளுக்குப் பெயர்போன அக்விஸ் நிறுவனத்தை நடத்திய சுவீன் சாஹிப், பிரிட்டா காக்ஸ் இருவரும் 2020-ல் கொண்டுவந்தது; 2023 டிசம்பரில் யூனிலீவர் வாங்குவதாக அறிவித்தது. இதன் சரக்கு, கெரட்டினின் அமைப்பை ஒட்டி வரிசைப்படுத்திய ஒரு குட்டிப் பெப்டைடு. சாதாரணக் கெரட்டின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. இது சிறியது என்பதால் கார்டெக்ஸ்வரை போய்ப் புரதச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்ளும் என்பது நிறுவனத்தின் வாதம். பயன்படுத்தும் முறையும் தலைகீழ். ப்ளீச்சுக்கு முன் ஒரு மிஸ்ட். எல்லாம் முடிந்து ஷாம்பு போட்டபின், கண்டிஷனரே இல்லாமல், துவட்டிய முடியில் மாஸ்க்கைத் தடவி நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும். அலசக் கூடாது. ப்ளீச் கிண்ணத்தில் எதையும் கலக்காததால் நிறம் ஏறும் வேகம் குறையாது என்பது கலரிஸ்டுகளுக்குப் பிடித்த அம்சம். வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால் அதுவே குறையும்கூட: ப்ளீச்சின் கையைப் பிடித்து நிறுத்த அங்கே யாரும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்தும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. தண்ணீரிலிருந்து செம்பு போன்ற உலோகங்கள் நுண்ணிய அளவில் முடிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். பெராக்சைடு அந்தச் செம்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற முரட்டுத் துகள்கள் பிறந்து, புரதத்தைக் கண்டபடி தாக்கும். பி அண்ட் ஜி நிறுவனத்தின் ஜெனிஃபர் மார்ஷும் அவருடைய சகாக்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இடிடிஎஸ் என்ற, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் பொருளைக் கலரில் சேர்த்தால் சேதம் குறைவதையும் காட்டினார்கள். போர் தண்ணீரில் குளித்தே வளர்ந்த தலைகளுக்கு, ப்ளீச்சுக்கு முந்தைய அலசலில் உலோகம் நீக்கும் ஷாம்பு ஒருமுறை போடுவது, ப்ளெக்ஸைவிட மலிவான, பெரும்பாலும் கேட்காமல் விடப்படும் காப்பு. சலூனில் ‘சீலேட்டிங்’ ஷாம்பு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

உலோகம் என்றதும் மருதாணியையும் சொல்ல வேண்டும். அசல் மருதாணி இலைப் பொடியால் பெரிய ஆபத்து இல்லை. ‘கறுப்பு ஹென்னா’ என்றும் ‘ஹெர்பல்’ என்றும் விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கலாம். அந்த முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே கருகும். இதற்கு முடித்திருத்தப் பாடநூல்களில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. தலையின் பின்பக்கத்திலிருந்து சில முடிகளை வெட்டி நூலால் கட்டுவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் 20 பங்கு 6 சதவீதப் பெராக்சைடும் ஒரு பங்கு அம்மோனியாவும் ஊற்றி, முடிக்கற்றையை அதில் போட்டு அரை மணி நேரம் பார்ப்பார்கள். ஒன்றும் ஆகாவிட்டால் சரி. குமிழ் கிளம்பினால், கிண்ணம் தொட்டால் சுட்டால், நிறம் சட்டென மாறினால் அன்று ப்ளீச் கிடையாது. எத்தனை விலை கொடுத்த ப்ளெக்ஸும் அந்தச் சூட்டை அணைக்காது.

இனி ‘கெரட்டின் ட்ரீட்மெண்ட்’. இது ப்ளீச் நேரத்துப் பாதுகாப்பே அல்ல. முடியை வழவழப்பாக்கி நேராக்கிவிடும் வேலை. கூட்டத்தோடு கூட்டமாக இதையும் ‘டேமேஜ் ரிப்பேர்’ என்று விற்கிறார்கள். பழைய கலவைகளில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பியது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறை 2011-லேயே எச்சரித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் நிம்மதி தரவில்லை. மூன்று முறை சலூனுக்குப் போய் அப்படிப்பட்ட க்ரீமால் முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் பதிவுசெய்தது. ப்ளீச் செய்த அதே நாளில் இதையும் ஆஃபரில் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

வீட்டு அலமாரியில் இருப்பதும் இந்தப் போட்டியில் உண்டு. 2003-ல் ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வெவ்வேறு நிலையிலுள்ள முடிகளில் தடவிச் சோதித்தார்கள்; ப்ளீச் செய்த முடியும் அதில் இருந்தது. அலசும்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் உள்ளே போக முடிகிறது என்பது விளக்கம். ஆய்வு நடந்தது பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோவின் ஆய்வகத்தில் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். எண்ணெய் பிணைப்பு எதையும் ஒட்டாது. தலைக்குக் குளிக்கும் முன் தடவினால் தண்ணீரில் முடி அளவுக்கு மீறி உப்பிச் சுருங்குவதைக் குறைக்கும். ப்ளீச் செய்த முடிக்கு வாரம் ஒருமுறை அது உருப்படியான உதவி.

ப்ளெக்ஸ் வகைகளுக்குப் பக்கவிளைவே இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. ஓலாப்ளெக்ஸின் வீட்டு பாட்டிலில் வாசனைக்காகச் சேர்த்த லிலியால் என்ற பொருளை அந்நிறுவனம் 2021-ல் நீக்கியது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடை விதித்தது. 2023-ல் முடி கொட்டியதாகச் சில பெண்கள் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டபோது நிறுவனம் அதை மறுத்தது. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியது கறுப்புச் சாயத்திலுள்ள பிபிடி-யைத்தான். காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்க்கும் பேட்ச் டெஸ்டுக்கு எந்த ப்ளெக்ஸும் ஈடாகாது. ப்ளீச் பொடியின் பர்சல்ஃபேட் தூசியால் ஆஸ்துமா வரும் ஆபத்து யாருக்கு என்றால், நாள் முழுக்கக் கிண்ணத்தின் மேல் குனிந்து நிற்கும் சலூன் தொழிலாளிக்கு. தூசி பறக்காத பொடி என்று விற்பதை வாங்கும் முதலாளிகள் அவர்களுக்குச் செய்வது பெரிய உதவி.

முடி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முடியை நனைத்து இரு விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்தால், நல்ல முடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீண்டு மறுபடி தன் அளவுக்குத் திரும்பும். சேதமான முடி நீளும், திரும்பாது; வெந்த சேமியா போலத் தொய்ந்து அறுந்துவிடும். அறுந்தால் அன்றைக்கு ப்ளீச்சை நிறுத்த வேண்டும். ப்ளெக்ஸ் போட்டுத் தொடரலாம் என்று யாராவது சொன்னால் அந்த அறுந்த முடியையே காட்டலாம்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முப்பது சென்டிமீட்டர் முடியின் நுனி, இரண்டரை வருடம் வெயில், ஷாம்பு, ஹேர் டிரையர் எல்லாம் பார்த்தது. வேரிலிருந்து நுனிவரை ஒரே கலவையை ஒரே நேரத்தில் தடவினால் முதலில் நுனிதான் உடையும். தலைத்தோலின் சூட்டில் வேர்ப்பகுதியின் நிறம் வேகமாக ஏறும் என்பதால், முதல் முறை செய்யும்போது நடுப்பகுதியைத் தொடங்கிவைத்துவிட்டு வேரைக் கடைசியில் தொடுகிற கலரிஸ்டே கைதேர்ந்தவர். மூன்று மாதம் கழித்து வேர் கறுத்துத் தெரியும்போது மறுபடி போனால், புதிதாக வளர்ந்த அந்த மூன்று சென்டிமீட்டருக்கு மட்டும் ப்ளீச், கீழேயுள்ள பழைய நீளத்துக்குச் சாயலைச் சரிசெய்யும் டோனர் மட்டும் என்று உட்காரும்போதே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.